குடியின் சுதந்திரம்

ராஜாஜியைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, நேருவின் பொருளாதாரத்துக்கு 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று பெயர் சூட்டி, அரசாங்கம் குடிமக்களின் காரியங்களில் தலையிடக்கூடாது என்று எண்பது வயதில் ஊர் ஊராகப் பேசியவர் அவர். அதே மனிதர்தான் 1937இல், சேலம் மாவட்டத்தில் ஒருவன் வேலை முடிந்து மாலையில் என்ன குடிக்கலாம் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானித்தார். 1971இல் தொண்ணூற்றிரண்டு வயதில், மதுவிலக்கை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போனார். கொட்டும் மழையில் போனார் என்பார்கள். இதெல்லாம் எந்தச் சுதந்திரத்தில் சேர்த்தி?

இதற்குப் புழக்கத்தில் இரண்டு பதில்கள். அவரைப் பிடிக்காதவர்கள், "முதலாளியின் தொழிலுக்குச் சுதந்திரம், ஏழையின் கலயத்துக்குத் தடை, அவ்வளவுதான் ஆச்சாரியார்" என்பார்கள். பிடித்தவர்கள், "மதுவிலக்கு காந்தியிடம் கற்றது, சுதந்திரா அனுபவத்தில் கற்றது, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அவருக்குள் இரண்டு ஆட்கள் குடியிருந்ததாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. அவருடைய அரசியல் கட்டுரைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு 'திக்கற்ற பார்வதி'யைப் படித்தால், மதுவிலக்கு ராஜாஜியும் சுதந்திரா ராஜாஜியும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் வழக்கும் அந்த ஒரே ஆளோடுதான்.

'திக்கற்ற பார்வதி' இன்று பலருக்குத் திரைப்படமாகவே தெரியும். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, லட்சுமி நடிக்க, ராஜாஜி காலமாகி ஓராண்டு கடந்தபின் 1974இல் வந்தது. கதை எளியது. கருப்பனும் பார்வதியும் உழைத்துப் பிழைக்கும் இளம் தம்பதி. கடன் வாங்கி வண்டி வாங்குகிறார்கள். கருப்பனுக்குக் குடி பழக்கமாகிறது. குடி கடனை வளர்க்கிறது, கடன் வீட்டுக்குள் வேற்றாளைக் கொண்டுவருகிறது, விவகாரம் கோர்ட்டுக்குப் போகிறது, பார்வதி அழிகிறாள். பிரச்சாரக் கதைதான், மறுக்கவேண்டியதில்லை. ஆனால் சேலத்தில் பல வருடம் வக்கீலாக இருந்தவரின் பிரச்சாரம் இது. ஒரு ஏழை வீட்டுக்குள் கடன் எந்த வாசல் வழியாக வரும், வந்தபின் எதையெதை எடுத்துக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் புனைகதையில் குடிகாரர்கள் ஏராளம். குடியைக் கணக்குப்புத்தகத்தின் பக்கமாக இருந்து பார்த்தவர்கள் குறைவு.

இந்தப் பார்வை அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அந்தச் சுற்றுவட்டாரத்துக் குடிசைகளுக்குள் போய்வந்தார். அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழை 1929இல் தொடங்கினார். துணைக்கு இருந்தவர் கல்கி. பிற்காலத்தில் லட்சக்கணக்கான வாசகரைக் கட்டிப்போட்ட அந்தப் பேனா, சாராயத்துக்கு எதிராகப் பக்கம் நிரப்பிக் கைபழகியது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

குடியைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய அறிவுரைகளில் ஒன்று திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம். அதை ராஜாஜியின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 93ஆம் அதிகாரம், பொருட்பாலில் வருவது. புலால் மறுத்தலும் கொல்லாமையும் அறத்துப்பாலில் இருக்க, கள் மட்டும் ஏன் இங்கே வந்தது என்பது தனி விவாதம். எனக்கு வியப்பானது வேறு. பொருட்பாலில் இருந்தும் அந்தப் பத்துப் பாட்டில் ராஜா இல்லை, சட்டம் இல்லை, தண்டனை இல்லை. கொலைகாரனை அரசன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று செங்கோன்மையில் தயங்காமல் சொன்னவர், குடிப்பவனை அரசனிடம் ஒப்படைக்கவில்லை. இரண்டாவது குறள் சொல்வது கிட்டத்தட்ட இது: குடிக்காதே. குடித்தே தீருவேன் என்றால், சான்றோர் மதிக்கவேண்டும் என்ற கவலை இல்லாதவர்கள் குடித்துக்கொள்ளட்டும். நாணம் திரும்பிப்பார்க்காமல் போய்விடும், ஊர் சிரிக்கும், பெற்றவளே முகம் சுளிப்பாள். தண்டனை என்றால் அவ்வளவுதான்.

மேற்கே படிக்கப்போன எவருக்கும் இங்கே ஜான் ஸ்டூவர்ட் மில் நினைவுக்கு வருவார். 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் அவர் சொல்வதும் இதுவே. தனக்குத் தானே கேடு செய்துகொள்பவனை நாம் வெறுக்கலாம், விலகலாம், மற்றவர்களை எச்சரிக்கலாம். சட்டத்தால் தடுக்கக்கூடாது. அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலம் 1851இல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டமும், அதை இங்கிலாந்துக்கும் கொண்டுவர மான்செஸ்டரில் எழுந்த இயக்கமும் அவருக்குக் கண்முன் இருந்த எடுத்துக்காட்டுகள். (அதே புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் எண்ணமிருந்தால் எதேச்சாதிகாரமே தகும் என்றும் எழுதிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 வருடம் சம்பளம் வாங்கியவர். நமக்காக அவர் அந்தச் சுதந்திரத்தை எழுதவில்லை. ஆனால் எழுதியவர் யாரை மனத்தில் வைத்திருந்தாரோ அவர்கள்தான் படிக்கவேண்டும் என்று எந்தப் புத்தகத்துக்கும் விதி கிடையாது.)

வள்ளுவரும் மில்லும் இப்படி ஒரே பக்கம் நிற்கும்போது ராஜாஜி தோற்றுவிட்டார் என்று முடித்துவிடத் தோன்றும். அப்படி முடிக்கமுடியாமல் என்னைத் தடுப்பது அந்தக் குறள் அதிகாரமேதான். அதில் தாய் இருக்கிறாள், சான்றோர் இருக்கிறார்கள், பகைவர், ஊரார், இன்னொரு குடிகாரன்கூட இருக்கிறான். மனைவி இல்லை. குழந்தை இல்லை. குடிப்பவனின் மானம் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கும் அதிகாரம், அவன் வீட்டு உலை கொதித்ததா என்று பார்க்கவில்லை. மில்லுக்கு உலை தெரியும். குடியால் குடும்பத்தைக் கைவிட்டவனைத் தண்டிக்கலாம், ஆனால் குடித்ததற்காக அல்ல, கைவிட்டதற்காக என்கிறார். தர்க்கத்தில் குறை சொல்லமுடியாது. பார்வதியின் குடிசையில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு தாமதமான நியாயம் என்று தெரிகிறது. கருப்பன் கைவிட்டபிறகு அவனைச் சிறையில் போட்டால் அவளுக்கு யார் சோறு போடுவது? ராஜாஜி கதையில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். கேட்கவேண்டிய கேள்வி.

நான் முதுகலை படித்து, பின் வேலையும் தேடிக்கொண்ட ஸ்வீடனில், 1922 ஆகஸ்டில் மதுவிலக்கு பற்றி நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. ஆண்களின் ஓட்டையும் பெண்களின் ஓட்டையும் தனித்தனியாக எண்ணினார்கள். மதுவிலக்கு மயிரிழையில் தோற்றது. ஆண்களில் பெரும்பான்மை எதிர்ப்பு, பெண்களில் பெரும்பான்மை ஆதரவு. எழுபது வருடம் கழித்து ஆந்திராவின் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமப் பெண்கள் சாராயக்கடைகளை மூடவைத்ததும் அதே ஓட்டுத்தான், சீட்டு மட்டும் இல்லை. மதுவிலக்கை வெறும் ஆச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பெண்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். தமிழில் 'குடி' என்ற சொல்லுக்குக் குடும்பம் என்றும் பொருள், குடிப்பது என்றும் பொருள். ஆட்சிக்கு உட்பட்டவனும் குடிதான். ராஜாஜியின் அரசியல் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அவர் சுதந்திரம் என்று சொன்னபோது தனிமனிதனைச் சொல்லவில்லை, குடியைச் சொன்னார். ஒரு வீடு, அதற்கென்று ஒரு நிலம் அல்லது தொழில், அதற்குத் தலைவன். அந்த வீட்டுக்குள் சர்க்கார் வரக்கூடாது. குடி குடியைக் கெடுக்கும் என்று நாம் சுவரில் எழுதிவைத்தது அவருக்கு அரசியல் சித்தாந்தம். கள்ளுக்கடையும் கலெக்டர் ஆபீஸும் அந்த வீட்டைக் கலைக்க வரும் இரண்டு வேற்றுக் கைகள். ஒன்றை மூடச்சொன்னார், இன்னொன்றை ஒதுங்கச்சொன்னார்.

இப்படிப் பார்த்தால் முரணாகத் தோன்றியவை வரிசைக்கு வந்துவிடுகின்றன. 1952இல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். வீட்டுக்கு அரிசி வாங்க ஒருவன் அதிகாரியின் முன் வரிசையில் நிற்கக்கூடாது என்பது அதில் இருந்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும் கொதித்தெழுந்தார். என்.ஜி. ரங்காவும் மினு மசானியும் அவரோடு சேர்ந்தார்கள். குடும்பத்தின் கையிலிருந்து நிலம் போகிறது என்பதுதான் அங்கே அடிப்படைப் பயம். அந்தக் கட்சி 1967இல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. கொள்கை அறிக்கையில் இல்லாத விஷயங்களில் உறுப்பினர்கள் தம் மனம்போல் கருத்து வைத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருந்த கட்சி அது. ஒருவகையில் அந்த விதியே ஒரு கூட்டுக்குடும்ப ஏற்பாடுதான்.

1953இன் ஆரம்பக்கல்வித் திட்டமும் இதே வரிசையில் வருகிறது. அதைச் சொல்லாமல் ராஜாஜியைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரம் அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்றார். எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். சரியான பெயர். வீடே பள்ளிக்கூடம், தகப்பனே ஆசான் என்பது அவருக்கு அழகான சித்திரமாக இருந்திருக்கும். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, வெளியே போவதற்கு இருந்த ஒரே வாசல் பள்ளிக்கூடம் என்பது அவர் கண்ணுக்குப் படவில்லை. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகவேண்டியதாயிற்று. காமராஜர் வந்தார், திட்டம் போனது. குலக்கல்விக்கு ராஜாஜியின் சாதியைக் காரணம் சொல்வார்கள். சொல்லலாம். ஆனால் குடியை ஒரு முழுப்பொருளாக, உள்ளே பிரிவில்லாத ஒன்றாகப் பார்க்கும் எவரும், எந்தச் சாதியாக இருந்தாலும், அங்கேதான் போய்ச்சேர்வார்கள்.

என் வாசிப்புக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்து மறியல் செய்தவர்களை, ஆங்கிலேயர் காங்கிரஸ்காரர்களை அடைக்கப் பயன்படுத்திய அதே கிரிமினல் திருத்தச் சட்டத்தால் சிறைக்கு அனுப்பினார். தாளமுத்துவும் நடராசனும் சிறைவாசத்தில் இறந்தார்கள். வீட்டுக்குள் சர்க்கார் வராதே என்றவர், வீட்டு மொழிக்கு மேல் இன்னொரு மொழியை ஏற்றினார். பிற்காலத்தில் இந்தித் திணிப்பை அவரே எதிர்த்தார் என்பதால் இது இல்லையென்று ஆகிவிடாது.

பார்வதிக்குத் திரும்புவோம். கதையின் தலைப்பிலேயே ராஜாஜியின் பார்வையும் அதன் எல்லையும் இருக்கின்றன. அவள் ஏன் திக்கற்றவள்? புருஷன் குடித்ததால் என்பது கதையின் பதில். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தக் கதையைப் பேசியபோது, பெரியவர்கள் எல்லோரும் குடியின் கொடுமை பற்றியே பேசினோம். இங்கேயே பிறந்து வளர்ந்த, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண் ஒருத்தி, "வண்டி ஏன் அவள் பெயரில் இல்லை?" என்று கேட்டாள். எங்களில் ஒரு அண்ணன், "அந்தக் காலத்தில் அப்படியெல்லாம் கிடையாதும்மா" என்றார். அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. 'விமோசனம்' தொடங்கிய அதே 1929இல், பிப்ரவரியில், செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், ஒத்துப்போகாத மணத்தை முறித்துக்கொள்ள இருவருக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

பெரியாரும் கள்ளை அறியாதவரல்ல. 1921 வாக்கில் காங்கிரஸ்காரராக இருந்தபோது, கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தம் தென்னைகளை வெட்டிச்சாய்த்தவர். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். பிறகு அவர் மதுவிலக்குச் சட்டத்துக்கே எதிராளியானார். கடையை மூடு என்பது ஒரு வழி. அவளுக்குக் கதவைத் திற என்பது இன்னொரு வழி. ராஜாஜி முதல் வழியைச் சட்டமாக்கினார், அதற்கு விலையும் கொடுத்தார். கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல். ஒழுக்கத்துக்கு இலவசமாக ஆசைப்படவில்லை, ஊரே சேர்ந்து செலுத்தவேண்டும் என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இரண்டாவது வழி சட்டமாவதற்கு வெகுகாலம் ஆனது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். கொண்டுவந்தவர் 1971இல் மதுவிலக்கைத் தளர்த்திய அதே கருணாநிதி.

மில்லிடமும் இதே பிளவு இருக்கிறது. 'சுதந்திரம் பற்றி'யை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் பார்வதிக்கு அதில் அதிகம் கிடைக்காது. பத்தாண்டு கழித்து, 1869இல், பெண்களின் அடிமைத்தனத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதவேண்டியிருந்தது. கருப்பனுக்குக் குடிக்கும் சுதந்திரம் தரும் முதல் புத்தகம், பார்வதிக்கு வெளியேறும் சுதந்திரம் தரும் இரண்டாவது புத்தகம் இல்லாமல் அநியாயமாகிவிடும்.

ஸ்வீடனின் வரலாற்றாளர்கள் ஹென்ரிக் பெர்கிரெனும் லார்ஸ் த்ரேகோர்டும் 2006இல் எழுதிய ஒரு நூல் இங்கே உதவும். தலைப்பைத் தமிழில் 'ஸ்வீடன்காரன் மனிதனா?' எனலாம். அரசு, குடும்பம், தனிமனிதன் என்று ஒரு முக்கோணம் போடுகிறார்கள். அமெரிக்காவில் தனிமனிதனும் குடும்பமும் சேர்ந்து அரசை எதிர்க்கின்றன. ஸ்வீடனில் அரசும் தனிமனிதனும் கூட்டுச்சேர்ந்து, குடும்பத்தைச் சார்ந்திருக்கவேண்டிய கட்டாயத்திலிருந்து அவனை விடுவிக்கின்றன. கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி இங்கே 1971இலேயே வந்துவிட்டது. இதற்கு அவர்கள் அடையாளமாக எடுப்பது பிப்பியை. அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945இல் எழுதிய சிறுமி. தாய் இல்லை, தகப்பன் கடலில், தனி வீடு, ஒரு குதிரை, ஒரு குரங்கு, பெட்டி நிறையத் தங்கக்காசு. நம் பிள்ளைகள் இங்கே முதலில் படிக்கும் கதைகளில் ஒன்று. பார்வதிக்கு இல்லாதவை எல்லாம் பிப்பியிடம் இருக்கின்றன. பார்வதியிடம் இருந்து பிப்பிக்கு இல்லாதது, மாலையில் வீட்டுக்கு வருவதற்கு ஒரு ஆள்.

ஸ்வீடனும் ஒரே நாளில் இப்படி ஆகவில்லை. 1955 வரை இங்கே மது வாங்க ஒரு கையேடு வேண்டும். நம் ரேஷன் கார்டு மாதிரி, வாங்குவதையெல்லாம் அதில் பதிவார்கள். ஆளின் தகுதி பார்த்து அளவு கொடுத்தார்கள். கல்யாணமான பெண்ணுக்குக் கையேடே கிடையாது. வீட்டுக்கு ஒன்று, அது வீட்டுக்காரனிடம். அரசாங்கம் குடியைப் பார்த்தது, அதற்குள் இருந்தவளைப் பார்க்கவில்லை. ராஜாஜிக்கு அந்த ஏற்பாடு புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதன் கையிலேயே கொடுத்தார். அடுத்து வந்த ஆட்சிகள் விடவில்லை. இன்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் வருகிறது. மதுவை அரிதாக்குவதற்காக வரி போடுவது பாதி மதுவிலக்கு, ஆனால் வருமானத்துக்கு வரி போட்டே ஆகவேண்டும் என்பதால் உச்ச வருமானம் தரும் அளவுவரை மதுவுக்குப் போடலாம் என்று மில் எழுதியிருக்கிறார். அவர் நூலில் எனக்கு மிகவும் பலவீனமாகப் படும் இடம் அதுதான். உச்ச வருமானத்தைத் தேடத் தொடங்கிய அரசு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவர் நம் ஊருக்கு வந்து பார்த்திருக்கவேண்டும். இங்கேயும் மதுக்கடை அரசாங்கத்துடையதுதான். சனிக்கிழமை பிற்பகல் மூடிவிட்டால் திங்கள் காலைவரை திறக்காது, தள்ளுபடி கிடையாது. விற்பதில் ஆர்வமில்லாத கடைக்காரனைப்போல நடந்துகொள்வதுதான் அந்த நிறுவனத்துக்கு இடப்பட்ட வேலை.

இன்னொரு பக்கம், 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. தன் பனையில் தானே ஏறிக் கலயம் கட்டுபவன் குற்றவாளி, பிராந்தி விற்கும் அரசு விற்பனையாளன். (யாழ்ப்பாணத்து வாசகர்கள் தவறணையை நினைத்துச் சிரிப்பார்கள்.) ராஜாஜியின் மதுவிலக்கில் ஒரு ஒழுக்கக் கோட்பாடு இருந்தது. இதில் அது போய்விட்டது, அதிகாரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒருவனுடைய ஒழுக்கத்தைக் காக்கிறேன் என்று கையில் எடுத்த கோலை எந்த அரசும் கீழே வைக்கவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. ராஜாஜி இந்த இடத்தில் சுதந்திரா ராஜாஜியிடம் யோசனை கேட்டிருக்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போகிறது. நல்ல திட்டம், பெயரும் நல்ல பெயர். பணம் அவள் கணக்கிலேயே விழுகிறது. 1929இல் செங்கற்பட்டில் கேட்டதில் ஒரு துளி. ஆனால் கருப்பன் கடையில் கொடுத்ததும் பார்வதிக்கு வந்ததும் ஒரே கஜானா வழியாகத்தான் போய்வருகின்றன.

வெளிநாட்டில் வாழும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நாம் எல்லோரும் கொஞ்சம் ராஜாஜிகள்தான். பிள்ளையை அடிப்பதை ஸ்வீடன் 1979இல் சட்டத்தால் தடுத்தது, உலகிலேயே முதலில். கோயில் விசேஷம், பிறந்தநாள் விருந்து என்று நாம் கூடும் இடங்களில் இதைப் பற்றிய புகாரை நான் கேட்காத வருடம் இல்லை. "எங்கள் பிள்ளையை எங்கள் முறைப்படி வளர்க்க எங்களுக்குச் சுதந்திரம் இல்லையா?" அந்த வாக்கியத்தில் சுதந்திரம் என்ற சொல் யாருக்குச் சொந்தமாக இருக்கிறது என்று பாருங்கள். பேசுவது தகப்பன், கேட்பது குடியின் சுதந்திரம். பிள்ளையின் முதுகு அதற்குள் கணக்கில் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் சந்தேகமில்லாமல் அரசின் பக்கம். பனையேறியின் விஷயத்தில் குடியின் பக்கம். இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அரசு ஒதுங்கினால் அந்த வீட்டிலேயே பலமில்லாத ஆளுக்கு என்ன ஆகும்.

ராஜாஜிக்குக் கடைசியாக ஒரு வாய்தா கொடுத்தாகவேண்டும். ஸ்வீடனில் ஆள்தொகை வாரியாகப் பார்த்தால் ஒருவர் மட்டும் வசிக்கும் வீடுகளே மிக அதிகம். என் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெரியவருக்கு ஓய்வூதியம், வீட்டுவேலைக்கு நகராட்சியின் ஆள், மருந்து, எல்லாம் நேரத்துக்கு வருகின்றன. யாரையும் அவர் சார்ந்திருக்கவில்லை. போன டிசம்பரில் அவருக்குக் கொஞ்சம் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருடைய கல்யாணம் என்று கேட்டார். யாருடையதும் இல்லை, சும்மாதான் என்றேன். அது அவருக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆனது.